பங்கு வைத்த நீர், ஓய்வு தந்த புல்: கொங்கு நாட்டுப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 3, பேரூர்

காவிரியின் கடைமடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொங்கு நாடு அயலூர் அல்ல. பவானியும் நொய்யலும் அமராவதியும் அந்த மண்ணில் ஓடித்தான் காவிரியில் சேர்கின்றன. அந்த ஆறுகளிலிருந்து அங்குள்ளவர்கள் எதை எடுக்கிறார்களோ, அவற்றில் எதை விடுகிறார்களோ, அது எங்கள் வயல்வரை வந்து சேர்கிறது. மழை குறைந்த அந்த மேட்டு நிலத்தில் மனிதரும் ஆறும் காடும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிக்கொள்கின்றன, அடுத்த தலைமுறைக்கும் அந்தத் தாங்குதல் மிஞ்சுமா என்பதைக் கண்ணால் பார்த்துவர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றுகிறது. பழைய பெயர் காஞ்சிமாநதி. பேரூர்ப் படித்துறையில் திதி கொடுக்க வந்தவர்கள் முழங்காலளவு நீரில் நின்றிருந்தார்கள். மேற்கே சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அணை என்ற சொல்லைக் கேட்டுப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆற்றின் குறுக்கே கல்லை அடுக்கி நீரைச் சற்றே உயர்த்தி, ஒரு பகுதியை வாய்க்காலுக்குத் திருப்பி, மீதியைக் கீழே விட்டுவிடும் தாழ்ந்த கட்டுமானம் அது. இப்படி நொய்யலில் 32 அணைகள் இருந்தன என்று இப்பகுதியில் சொல்வார்கள். ஒரு குளம் நிரம்பினால் அதன் மிகுதி அடுத்த குளத்துக்கு, அது நிரம்பினால் மீண்டும் ஆற்றுக்கு என்பதே அமைப்பு. மேலே இருப்பவர் முழுவதையும் தடுத்துவைக்க முடியாதபடி கட்டப்பட்டிருப்பதுதான் இதில் என்னைக் கவர்ந்தது.

மாலையில் உக்கடம் பெரியகுளத்தைச் சுற்றி நடந்தேன். நடைபாதை, விளக்கு, இருக்கை எல்லாம் நேர்த்தியாக இருக்கின்றன, குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து உட்காருகிறார்கள். நீரின் வாடையும் ஓரத்தில் ஒதுங்கிய ஆகாயத்தாமரையும் கழிவுநீர் இன்னும் உள்ளே வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தன. கரையை அழகாக்குவதைவிட உள்ளே வரும் நீரைத் தூய்மையாக்குவதே முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரவு உணவு சந்தகை, கூடவே வெல்லமிட்ட தேங்காய்ப்பால். 60 ரூபாய்க்கு வயிறும் மனமும் நிறைந்தன.

பிப்ரவரி 4, அவிநாசி, திருப்பூர்

அவிநாசிக்கு முன்னால் பேருந்திலிருந்து இறங்கி, சாலையோரக் குளம் ஒன்றைப் பார்த்தேன். நடுவில் சீமைக்கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள், தான் மணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இந்தக் குளத்தில் கோடையை நெருங்கும் மாதத்தில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்றார். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் நீர் அது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் கேட்டுவந்த அந்தத் திட்டம் 1,916 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்களின் வழியே மேடேற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். கடைமடைக்காரன் என்ற முறையில் எனக்குள் ஒரு கேள்வி எழாமல் இல்லை. ஆனால் எடுக்கப்படுவது உபரி மட்டுமே என்ற வரம்பு காக்கப்படும்வரை, இந்தக் குளத்து நீரைக் கண்டு மகிழ்வதற்குத் தடையொன்றும் இல்லை. வரம்பு மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்புதான் பெரியது, ஏனெனில் குழாய் போட்டாகிவிட்ட பிறகு உபரி இல்லாத ஆண்டிலும் நீரைக் கேட்கத் தோன்றும்.

திருப்பூரில் தங்கிய விடுதியின் குழாய்த் தண்ணீர் வாயில் பட்டதும் உப்புக் கரித்தது. சோப்பு நுரைக்கவில்லை. குடிக்கத் தனியாகக் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், 40 ரூபாய்.

உறவினர் ஒருவரின் உதவியால் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றுக்குள் போக முடிந்தது. சாய ஆலைகளிலிருந்து குழாய்வழி வரும் நீர் முதல் தொட்டியில் கருநீலமாகச் சூட்டோடு விழுகிறது. அடுத்தடுத்த தொட்டிகளில் நுண்ணுயிரிகள் அதிலுள்ள கசடைத் தின்கின்றன, பிறகு எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிழிந்தெடுக்கிறார்கள், கடைசியில் எஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்குகிறார்கள். அங்கே வேலை செய்யும் இளைஞர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை என்முன் வைத்தார். ஒன்றில் உள்ளே வந்த நீர், மற்றொன்றில் ஆலைக்குத் திரும்பப் போகும் நீர். இரண்டாவது குவளையின் வழியே அவருடைய விரல் ரேகையைப் பார்க்க முடிந்தது. உப்பின் பெரும்பகுதியும் மீண்டும் சாயமேற்றவே போகிறது. மீள முடியாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை என்று அவரே வருத்தத்தோடு சொன்னார்.

இந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பிறகே அவை படிப்படியாகத் திறந்தன. அந்த மாதங்களில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்கள் பலர். அந்தத் துன்பத்தைச் சிறிதாக எண்ண எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கடுமை இல்லாமல் இந்தக் குவளை இல்லை.

மாலையில் நஞ்சராயன் குளம். ஊரின் கழிவும் நல்லாற்று நீரும் கலந்து வரும் இடத்தில், சுமார் 125 ஹெக்டேர் பரப்பில், கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் நூற்றுக்கணக்கில் நின்றன. 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் கொண்ட ராம்சர் ஈரநிலமாகவும் இதை அறிவித்தார்கள். பறவைகள் இங்கே வருவதைப் பல ஆண்டுகளாகக் குறிப்பெடுத்துவந்த உள்ளூர்க்காரர்களின் உழைப்பே அறிவிப்புக்கு முன்னால் நின்றது. தொலைநோக்கியோடு நின்றிருந்த பள்ளி மாணவி ஒருத்தி, நான் கேட்காமலேயே கருவியை என்னிடம் நீட்டி, "வரித்தலை வாத்து பாத்திருக்கீங்களாங்க? இமயமலையத் தாண்டி வருதுங்க," என்றாள்.

பிப்ரவரி 5, காங்கயம்

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் வியக்கவைத்தது கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம்தான். படித்திருந்தேன், ஆனால் படித்ததற்கும் பார்த்ததற்கும் இடையே பெரிய தொலைவு இருந்தது.

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. தைப்பூசம் நெருங்குவதால் தாராபுரம் சாலையில் பச்சையும் காவியும் உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் பழனியை நோக்கி வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். வழியெங்கும் பந்தல் போட்டு மோர், தக்காளிச் சாதம், சுண்டல் என்று கொடுக்கிறார்கள், யாத்திரைக்காரர் அல்லாத என்னையும் கைப்பிடித்து அழைத்துக் கொடுத்தார்கள். காகிதத் தட்டுகளும் பிளாஸ்டிக் குவளைகளும் இருபுறமும் சிதறிக் கிடந்தன. ஒரே ஒரு பந்தலில் மட்டும் மந்தாரை இலைத் தொன்னையில் கொடுத்தார்கள், அங்கே சாலையோரம் சுத்தமாக இருந்தது.

நண்பர் சொல்லியனுப்பியிருந்த பெரியவர் வீட்டுக்குப் போனதும், "வாங்க, உக்காருங்க. மொதல்ல மோரு குடிங்க, காட்டுக்கு அப்பறம் போலாமுங்க," என்றார். பிறகு கம்மங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய்.

கொரங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே வைத்திருக்கும் தனியார் நிலம். சில ஏக்கர் அளவுள்ள ஒவ்வொரு காட்டையும் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக வளர்த்திருக்கிறார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே நரிப்பயறு போன்ற கொடிகள், நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரங்கள். மாடும் எருமையும் மேச்சேரி ஆடும் படலுக்குள் விடப்பட்டால் ஆள் காவல் இல்லாமல் தாமே மேய்ந்து, கல்தொட்டியில் நீர் குடித்து, மர நிழலில் அசைபோடுகின்றன. வெள்வேலங்காய் முற்றி உதிரும் காலத்தில் ஆடுகளுக்கு அதுவே தீவனம். விதை சாணத்தோடும் புழுக்கையோடும் மீண்டும் மண்ணுக்கு வருகிறது.

பெரியவர் ஒரு புற்குத்தின் அருகே உட்கார்ந்து, காய்ந்து பொன்னிறமாக நின்ற தாளை விலக்கி, அடியைக் காட்டினார். மேலே ஈரப்பசையே இல்லை, தூரில் மட்டும் கணுக்கள் இளம்பச்சையாக இருந்தன. நாலு விரற்கடைக்குக் கீழே மாட்டைக் கடிக்க விடக்கூடாது என்பது அவருடைய கணக்கு. அந்த அளவு வந்ததும் மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார். மழைக்குப் பின் கதிர் வந்து விதை உதிரும்வரை ஒரு காட்டைப் பூட்டியே வைப்பார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது மானாவாரியாகச் சோளம் விதைத்துவிட்டு, மறுபடியும் புல்லுக்கே விட்டுவிடுவார். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில், ஆழ்துளைக் கிணறு இல்லாமல், உரம் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக நிற்கும் நிலம் இது. நாங்கள் எழுந்தபோது என் வேட்டியின் ஓரமெல்லாம் கொழுக்கட்டைப் புல்லின் விதை ஒட்டியிருந்தது. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வழியில் வெறுமையாகத் தெரிந்த இடங்களில் தூவிக்கொண்டே வந்தார்.

காங்கயம் மாடு இந்தக் காட்டின் பிள்ளை. கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. காளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கின்றன. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்ததை நூறாண்டுக்கு முந்தைய அரசுப் பதிவுகளிலேயே காணலாம். டிராக்டரும் நீரிறைக்கும் மோட்டாரும் வந்தபின் உழவுக்கும் கிணற்றில் கவலை இறைப்பதற்கும் மாடு தேவைப்படவில்லை, மந்தைகள் சுருங்கின. மாடு போனால் கொரங்காட்டுக்கு வேலையில்லை, கொரங்காடு போனால் மாட்டுக்குத் தீவனமில்லை. பெரியவரின் காட்டுக்குத் தெற்கே கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள், கிழக்கே தென்னந்தோப்பு, அதற்கு ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு. "எம் பையன் பெங்களூருல இருக்கான். அவன் வித்துருவான்னு சொல்லலீங்க, ஆனா புல்லு எப்போ பூட்டணும்னு அவனுக்குத் தெரியாதுங்களே," என்றார். இந்த அறிவு எந்த வேளாண் கல்லூரிப் பாடத்துக்கும் குறைந்ததில்லை. இதைக் காக்க ஏதாவது செய்ய வேண்டுமானால் அது காட்டை வைத்திருப்பவருக்குப் பணமாகப் போய்ச் சேர வேண்டும், பாராட்டு மட்டும் போதாது.

திரும்பும் வழியில் தொலைவில் காற்றாலைகள் அசையாமல் நின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகும் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் அவற்றுக்குப் பருவம். காற்றாலையின் காலடியிலும் ஆடு மேயலாம் என்பதால் கொரங்காட்டோடு அதற்குப் பகை இல்லை. தரையை மூடிப் பரப்பும் சூரியத் தகடுகளைப் பற்றித்தான் பெரியவர் கவலைப்பட்டார்.

பிப்ரவரி 6, ஒரத்துப்பாளையம்

போகும் வழியில் பேருந்தின் பின்சக்கரம் பஞ்சராகி, சென்னிமலைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். நடத்துநர் கோபப்பட்ட பயணிகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, வயதானவர்களை அடுத்து வந்த பேருந்தில் தானே ஏற்றிவிட்டார். இளநீர் 45 ரூபாய்.

ஒரத்துப்பாளையம் அணை நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக அது மாறியது. நீர் கசிந்து சுற்றுக் கிணறுகள் உப்பாயின, தென்னை காய்ப்பு நின்றது, ஆடு மாடுகள் குடிக்க மறுத்தன. பாசனத்துக்குக் கட்டிய அணையில் நீரைத் தேக்கவே வேண்டாம் என்று அதே விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். உலகில் இப்படிக் கேட்க நேர்ந்த உழவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே நெஞ்சு வலிக்கிறது. இன்று மதகுகள் திறந்தே இருக்கின்றன. தேக்கப் பரப்பு முழுவதும் சீமைக்கருவேலம். மண்ணைக் கையில் எடுத்தால் வெள்ளைப் பூத்த கட்டிகள் உதிர்கின்றன. அருகில் பருத்தி மார் சுமந்துசென்ற மூதாட்டி, "அந்தத் தண்ணியத் தொடாத சாமி, கை அரிக்கும்," என்று பழைய நாள் எச்சரிக்கையை இன்றும் சொன்னார். அதிக நேரம் அங்கே நிற்க முடியவில்லை.

பிப்ரவரி 7, ஈரோட்டைச் சுற்றி

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டு நடக்கிறது. களமெங்கும் குண்டும் விரலியும் தனித்தனியாகக் காய்கின்றன, வேகவைக்கும் நீராவியில் மண்ணும் கற்பூரமும் கலந்த மணம். குவிண்டால் 12,000 ரூபாயைத் தாண்டினால்தான் கூலி போக மிஞ்சும் என்றார்கள். ஒன்பது மாதம் நிலத்தில் நிற்கும் பயிர் இது. ஆண்டில் பத்து மாதம் நீரோடும் காலிங்கராயன் வாய்க்கால் இல்லையென்றால் இந்த மண்ணில் மஞ்சளுக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது.

13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்ற தலைவர் வெட்டிய அந்த வாய்க்கால் பவானியில் பிரிந்து, சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி, நொய்யலில் முடிகிறது. கோண வாய்க்கால் என்றே அதற்கு இன்னொரு பெயர். வளைவுகள் ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து, கரையை அரிக்காமல், கூடுதல் நிலத்தைத் தொட்டுச் செல்கின்றன. வெட்டியவர் தன்னலத்துக்காகச் செய்தார் என்ற சொல் வரக்கூடாதென்று, தம் வழியினர் இந்த நீரைப் பயன்படுத்தமாட்டார்கள் என உறுதி கூறினார் என்பது இந்நாட்டு மரபு. ஈரோட்டுக்குள் தோல், சாயக் கழிவுகள் கலந்து கெட்டபோது, கழிவைத் தனியே கொண்டுசெல்ல அதன் அருகிலேயே பேபி வாய்க்கால் ஒன்றைக் கட்ட வேண்டியதாயிற்று.

மதியம் பெருந்துறை அருகே கீழ்பவானி வாய்க்காலின் கரையில் ஒரு விவசாயக் குடும்பத்தோடு அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டேன். நெய் ஊற்ற ஊற்ற வேண்டாம் என்றால் கேட்கவில்லை. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் வரும் இந்த வாய்க்கால் இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்கானது. எல்லாருக்கும் எப்போதும் நீர் போதாது என்பதால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறு பாதிக்குக் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கும் நீர் விட்டு, அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்கிறார்கள். புன்செய் ஆண்டை நினைத்து யாரும் புலம்பி நான் கேட்கவில்லை.

ஆனால் வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் பேச்சை எடுத்ததும் சாப்பாட்டுத் தட்டுகள் அப்படியே நின்றன. மண்கரையில் வீணாகும் நீரைத் தடுத்தால் கடைமடைக்கு நீர் போகும் என்பது ஒரு தரப்பு. "மண்ணு வாய்க்கால்னா கசியத்தானுங்க செய்யும். அந்தக் கசிவுலதான் எங்க கெணறு இருக்குது, இந்த வேப்ப மரம் இருக்குது. அதயும் அடைச்சுப் போட்டா நாங்க எங்க போறதுங்க?" என்றார் வீட்டு அம்மா. கடைமடைக்காரனான என் இயல்பான சாய்வு முதல் தரப்பின் பக்கம் இருந்திருக்க வேண்டும். ஆயினும் அவருடைய கிணற்றை எட்டிப் பார்த்தபோது, இருபதடியில் நீரும், சுவரில் முளைத்த செடிகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளும் இருந்தன. எழுபது ஆண்டுகளாகக் கசிந்த நீர் கிணறாக, ஓடையாக, மரமாக உருவெடுத்துவிட்டது. அதை இழப்பு என்ற கணக்கில் எழுதுவது சரியல்ல. மதகுகளையும் உடையும் இடங்களையும் செப்பனிட்டு, மண்தரையை மண்தரையாகவே விடுவதுதான் நியாயம் என்று படுகிறது.

பிப்ரவரி 8, பண்ணாரி, திம்பம்

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவது வளைவுக்கு மேல் ஒரு சரக்கு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட, இரண்டு மணி நேரம் எல்லாம் நின்றது. யாரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. பின்னால் இருந்த வண்டியின் பெண்கள் பருப்புப் போண்டாவைப் பொட்டலம் பிரித்துப் பேருந்து முழுவதற்கும் கொடுத்தார்கள்.

மேலே காற்று சில்லென்றது. மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கின் மேல், வெகு உயரத்தில், இறக்கை அசைக்காமல் வட்டமிட்ட பறவைகளைத் தேநீர்க் கடைக்காரர் காட்டினார். பிணந்தின்னிக் கழுகுகள் என்று நாம் சொல்லும் வெண்முதுகுப் பாறுகள். ஆற்றோர நீர்மருத மரங்களில் கூடு கட்டுகின்றன. மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து நாடெங்கும் அவற்றை ஏறக்குறைய அழித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள், 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் தடைசெய்தார்கள். ஆக, அந்த உயரத்துப் பறவையின் ஆயுள், மலைமேல் உள்ள தாளவாடியில் ஒரு மாடு வளர்ப்பவர் மருந்துக் கடையில் எந்தக் குப்பியைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது. தேநீர்க்கடைக்காரருக்கே இது தெரிந்திருந்தது. தம் மாட்டுக்குப் பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம்தான் போடச் சொல்வதாகச் சொன்னார்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். இச்சாலையில் இரவு 9 முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடையை 2022-இல் உயர் நீதிமன்றம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உள்ளூர் மக்களுக்கும் அவசர ஊர்திகளுக்கும் விலக்கு உண்டு. பண்ணாரிச் சோதனைச் சாவடியில் தடுப்பு இறங்கிய பிறகு வந்த வண்டிகள் விடியும்வரை காத்திருக்க வரிசை கட்டின. மைசூருப் பக்கம் சரக்கு ஏற்றிவரப் போகும் வேன் ஓட்டுநர் பாய் விரித்துக்கொண்டே, முன்பெல்லாம் இரவில் அடிபட்ட மான்களை வாரம் தவறாமல் பார்த்ததாகவும், இப்போது அப்படி இல்லை என்றும் சொன்னார். பிறகு, தன் மாமனார் தாளவாடியில் போட்ட முட்டைக்கோஸ் தோட்டத்தை இரண்டு நாளில் யானை அழித்துவிட்டதையும், இழப்பீட்டு மனு கொடுத்து ஐந்து மாதமாகியும் பதில் வராததையும் சொன்னார். காட்டுக்காக ஒரு சாலையை மூட ஒத்துக்கொண்ட மக்களுக்கு அந்த மனுவின் பதில் ஐந்து வாரத்திலாவது வர வேண்டும். ஊர் திரும்பியதும் இதுபற்றி வனத்துறைக்கு எழுதப் போகிறேன், அவரிடம் மனு எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்டேன்.